குளிர்முனையில் வரிசை காலியானது

நாச்சிமுத்துவின் இடக்கை நடுவிரல் முறிந்து ஒரு வாரம் கழித்து, அது முறியக்கூடும் என்ற எச்சரிக்கை மெயில் வந்து சேர்ந்தது.

நிலவின் தென்முனையில், சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது குளிர்முனை நிலையம். பதினோரு பேர் வாழ்கிறார்கள். பள்ளத்தின் அடியில் உறைந்து கிடக்கும் பனியைத் துளைத்தெடுத்து, உருக்கித் தண்ணீராக்கி மற்ற நிலையங்களுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. துளைக்கும் இயந்திரமும் அதன் பம்புகளும் நாச்சிமுத்துவின் பொறுப்பு. கோபிச்செட்டிபாளையத்துக்காரன், முப்பத்தாறு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. பட்டறைக்குள் ஒரு பம்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கசிவைத் தடுக்கும் சீல் வளையம் பிய்த்துக்கொண்டு மூடி தெறித்தது. கையோடு போயிருக்க வேண்டியது, விரலோடு போயிற்று.

சீல் தயாரிக்கும் கம்பெனி அனுப்பிய மெயில் இப்படி இருந்தது: "மிக அவசரம். உடனே திறந்து படிக்கவும். உங்கள் சீல் ஆபத்தில் உள்ளது. இன்றே மாற்றிப் பயன் பெறுங்கள்." விபத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை அனுப்பியிருந்தார்கள். நிலவுக்கு வந்து சேர ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூடுதல். நிலவில் இறங்கிய பிறகு, நாச்சிமுத்துவின் கண்ணுக்கு வர ஒன்பது நாள்.

நிலையத் தலைவர் ரெமிஜியுஸ் மோத்தா, கணினிப் பொறியாளர் சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினார். மோத்தா தூத்துக்குடிக்காரர். கப்பலில் இருபது வருடம் இருந்துவிட்டு நிலவுக்கு வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கேப்டன். ஈஸ்வரி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"யம்மா ஈஸ்வரி, இந்த மெயிலு ஒன்பது நாளா எங்க கெடந்துச்சு?"

"வரிசையில கிடந்துச்சு கேப்டன். நம்ம ஃபில்டர் ஒவ்வொண்ணா சோதிச்சு விடுறதுக்கு அவ்வளவு நாளாகுது."

சோதனைக்கு ஒரு காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் இங்கே வேலை பார்த்த ஒருவர், "உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது" என்ற மெயிலைத் திறந்துவிட்டார். நிலவில் காரை எங்கே ஓட்டுவது என்று அவர் யோசிக்கவில்லை. அந்த மெயிலுக்குள் இருந்த ஏதோ ஒன்று ஊர்ந்து போய் ஆக்சிஜன் எந்திரத்தை அரை மணி நேரம் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து எந்த மெயிலும் நிலையத்திலேயே முழுதாகச் சோதிக்கப்பட்ட பிறகுதான் ஆட்களிடம் போகும். சோதிக்கும் கணினியோ கதிர்வீச்சைத் தாங்குவதற்காகச் செய்தது. உடம்பு கெட்டி, மூளை மந்தம்.

"அது மந்தம்னு தெரியும். ஆனா ஒன்பது நாளா?"

"விதிக நாப்பதாயிரத்துச் சொச்சம் இருக்கு கேப்டன். இங்க வேலை பாத்த ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு ஆயிரம், ரெண்டாயிரம் சேத்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தரும் எடுக்கல. ஒரு மெயில் வந்தா, முதல் விதிய எடுத்து, அது என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கிட்டு, மெயில ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் படிக்கும். அப்புறம் ரெண்டாவது விதி. மறுபடி ஆரம்பத்துல இருந்து. அப்படி நாப்பதாயிரம் தடவை."

கேப்டன் நெற்றியைத் தேய்த்தார். "எனக்குப் புரியுத மாதிரி சொல்லு."

"ஒரு பொண்ணப் பாக்க நாப்பதாயிரம் பேரு வாராங்கன்னு வைங்க. ஒவ்வொருத்தரா உள்ள வந்து, பொண்ணக் கூப்பிட்டு, காப்பி குடிச்சு, தலையில இருந்து கால் வரைக்கும் பாத்துட்டுப் போறாங்க. பொண்ணு என்னத்துக்காகும்? அதுக்குப் பதிலா எல்லாரையும் ஒரு மண்டபத்துல உக்கார வச்சு, பொண்ணு ஒரே ஒரு தடவை மேடையில நடந்து போனா?"

"எல்லாரும் ஒரே நடையில பாத்துருவாங்க."

"அதான் கம்பைல் பண்றது. விதிகள முன்கூட்டியே படிச்சு, ஒண்ணோட ஒண்ணு பின்னி, இயந்திரத்தோட பாஷையிலயே ஒரே புரோகிராமா மாத்திடுறது. அதுக்கப்புறம் மெயில ஒரு தடவை படிச்சாப் போதும்."

"இத ஏன் முந்தியே யாரும் செய்யல?"

"தெரியல. அப்புறம் ஒரு விதிய மாத்தணும்னாலும் மொத்தத்தையும் திரும்பக் கம்பைல் பண்ணணும். சோம்பலா இருந்திருக்கும்."

"நீ செய்யி" என்றார் கேப்டன். "அடுத்தது விரலோட போகும்னு சொல்ல முடியாது."

ஈஸ்வரி இரண்டு நாள் அந்த விதிகளோடு உட்கார்ந்தாள். சிலவற்றைப் படித்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'இலவசம்' என்ற சொல் இருந்தால் சந்தேகப்படு. 'பரம்பரை வைத்தியர்' என்றால் தூக்கி எறி. 'அன்பே' என்று மூன்று முறைக்கு மேல் வந்தால் தடுத்து வை என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த விதியிலேயே, 'என் மனைவியிடமிருந்து வந்தால் பரவாயில்லை' என்று சேர்த்திருந்தார். அதற்கும் அடுத்த விதியில் அந்த விலக்கு நீக்கப்பட்டிருந்தது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட விதிகளைப் பிரித்து, ஒரே அர்த்தம் வருகிறவற்றை ஒன்றாக்கி, கம்பைல் செய்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் புதிய ஃபில்டர் ஓடத் தொடங்கியது. வரிசையில் பதினான்காயிரம் மெயில் கிடந்தன. ஈஸ்வரியின் திரையில் அந்த எண் கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கையில் கட்டியிருந்த கருவிகள் ஒன்று மாற்றி ஒன்று மணியடித்தன. தட்டில் கை வைத்தபடியே எல்லாரும் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் தம்பிக்கு ஆண் குழந்தை என்றார். இன்னொருவர் அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்றார். சாம்பார் ஆறும் முன் எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

நிலையத்தின் மருத்துவர் குகதாசன் எழுந்து போய், பால்பொடியைக் கரைத்துச் சேமியா பாயசம் வைத்தார். அறுபதை நெருங்குகிறவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரோண்டோவில் தொழில் பார்த்து இங்கே வந்தவர். முதல் கிண்ணத்தை ஈஸ்வரியிடம் நீட்டி, "பிள்ளை, நீர் செய்தது பெரிய காரியம்" என்றார்.

அந்தப் பாராட்டு மூன்று நாள் தாங்கியது.

நான்காம் நாள் காலை, நாச்சிமுத்து கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி கணினி அறைக்கு வந்தான். கதவை மூடினான்.

"ஏனுங்க அம்மிணி, உங்ககிட்ட ஒரு ஒத்தாசை. யாருகிட்டயும் சொல்லப்படாது."

"சொல்லுங்கண்ணே."

"எங்கம்மா அனுப்புற மெயிலு மட்டும் பழையபடி பத்து நாளு கழிச்சு வர்ற மாதிரி ஒரு விதி போட முடியுங்களா?"

ஈஸ்வரிக்குப் புரியவில்லை. அவன் தன் கருவியைக் காட்டினான். அம்மாவிடமிருந்து வந்த மெயில்கள் சரம் சரமாக நின்றன. எல்லாவற்றிலும் ஜாதகம், படம், பெண்ணின் படிப்பு, தோட்டம் எத்தனை ஏக்கர். முன்பெல்லாம் அம்மா ஒரு பெண்ணைச் சொல்லி எழுதுவாள். பத்து நாள் கழித்து நாச்சிமுத்து, "இப்பத்தானுங்கம்மா மெயில் வந்துச்சு, இனி அவங்க வேற இடம் பாத்திருப்பாங்க" என்று பதில் போடுவான். விஷயம் முடிந்துவிடும். இப்போது மெயில் அவன் கைக்கு வந்த நொடியே, "சேர்ந்தது" என்ற ஒப்புகை கோபிக்குப் போய்விடுகிறது. அடுத்த நிமிடம் அம்மா, "பாத்தியா கண்ணு?" என்று எழுதுகிறாள்.

"பிடிக்கலைன்னு எழுதிடுங்களேன்."

"எழுதினா ஏன் பிடிக்கலைன்னு கேப்பாங்க. அதுக்கு என்னத்தைச் சொல்றதுங்க? எனக்குக் கல்யாணமே ஆகாதுங்க அம்மிணி. தனியா இருந்து பழகிப்போச்சு. அத அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"ஒருத்தருக்கு மட்டும் அப்படிச் செய்ய முடியாதுண்ணே. எல்லாம் ஒண்ணாப் பின்னிக் கிடக்கு" என்றாள் ஈஸ்வரி. உண்மையில் செய்ய முடியும். அரை மணி நேர வேலை. ஆனால் ஒருவருக்குச் செய்தால் மற்ற எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

தோன்றியது சரிதான். மதியம் கேப்டனே வந்தார். அவரும் கதவை மூடினார்.

"எங்க வீட்டுல பெயிண்டு அடிக்காங்க" என்றார்.

"நல்லது கேப்டன்."

"என்னத்த நல்லது. எந்த ரூமுக்கு எந்தக் கலருன்னு என் வீட்டுக்காரி படம் படமா அனுப்புதா. முன்னாடின்னா நான் பாக்குததுக்குள்ள பெயிண்டரு அடிச்சு முடிச்சுட்டுப் போயிருவான். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதுவேன், முடிஞ்சு போச்சு. இப்ப நான் சொல்லணும்னு காத்துட்டு நிக்கா. நேத்து பச்சைன்னு சொல்லித் தொலைச்சேன். அடிச்சிட்டாங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்காம். நான்தான் சொன்னேனாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் நாலு ரூம் இருக்கும்மா."

"நீங்கதானே கேப்டன் கம்பைல் பண்ணச் சொன்னீங்க."

"பம்புக்குச் சொன்னேன். பெயிண்டுக்கா சொன்னேன்?"

அவர் போன பிறகு ஈஸ்வரி தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மருத்துவர் குகதாசன் வந்தார். அவர் கதவை மூடவில்லை. உட்காரவும் இல்லை.

"பிள்ளை, வரிசையில எனக்கு ஏதும் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாரும்."

"வரிசை காலி டாக்டர். இப்பல்லாம் எதுவும் நிக்கிறதே இல்ல."

"ஓம், தெரியும். எண்டாலும் ஒருக்காப் பாரும்."

பார்த்தாள். பூஜ்யம். தவறுதலாகக் குப்பை என்று தள்ளியிருக்குமோ என்று நிராகரித்த மெயில்களையும் தேடினாள். பரம்பரை வைத்தியர்கள்தான் இருந்தார்கள்.

"யாரோட மெயிலுக்காகக் காத்திருக்கீங்க?"

குகதாசன் திரையைப் பார்த்தபடியே சொன்னார். டொரோண்டோவில் அவருக்கு ஒரே மகள், ஆரணி. மனைவி இறந்த அடுத்த வருடம் அவர் இங்கே வந்துவிட்டார். மாசியில் ஒப்பந்தம் முடிகிறது. "மாசியில வாறீங்கள்தானே அப்பா?" என்று அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவரோ இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்வி வந்து சேர்வதற்குள், அதற்கு முந்தைய கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார்.

"முந்தநாள் ஒரு மணித்தியாலத்துக்குள்ள நாலு தரம் கேட்டிட்டாள். எனக்கு யோசிக்க நேரம் இல்லை. மூண்டு வருசம் கூடப் போட்டிட்டன் எண்டு ஒரு வரி எழுதி அனுப்பிட்டன். 'சேர்ந்தது' எண்டு வந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை."

ஈஸ்வரி, "எழுதுவாங்க டாக்டர்" என்றாள்.

"முந்தி எண்டால் வரிசையில கிடக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திடுவன்" என்றார் அவர். "இப்ப எனக்குத் தெரியுது. அவள் எழுதேல்லை."

அவர் போனதும் ஈஸ்வரி கதவைத் தானே மூடினாள்.

அவளுக்கும் ஒரு மெயில் வர வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா மாரீஸ்வரியிடமிருந்து. நிலவு வேலைக்கு மனுப் போட்டதை ஈஸ்வரி அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள் என்று பயம். தேர்வானதையும் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போனபோது பெங்களூரில் வேலை என்றாள். கடைசியில் யாரோ ஒரு வாடிக்கையாளர் பேப்பரில் வந்த செய்தியை, "நம்ம ஊருப் பொண்ணு, நாலு காப்பி போடுங்க" என்று நீட்டியிருக்கிறார். மாரீஸ்வரி கண்ணாடியின் மேல் தாளைக் கவிழ்க்கப் போகும்போதுதான் தங்கையின் படத்தைப் பார்த்திருக்கிறாள். நாலு காப்பியும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டாள். அதோடு பேச்சு நின்றது.

நிலவுக்கு வந்த முதல் வாரத்தில் ஈஸ்வரி நீளமாக ஒரு மன்னிப்பு மெயில் எழுதினாள். பதில் வரவில்லை. வரிசையில் இருக்கும் என்று நினைத்தாள். பத்து நாள் போனது, இருபது நாள் போனது, இந்த ஃபில்டர் சில நேரம் ரொம்ப நேரம் எடுக்கும் என்று நினைத்தாள். கம்பைல் செய்த அன்று எண் பூஜ்யத்துக்கு இறங்கியபோது எல்லார் கருவியும் மணியடித்தது, அவளுடையது அடிக்கவில்லை. பாயசக் கிண்ணத்தைக் கையில் வாங்கிய அந்த நேரத்தில்தான் அது அவளுக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரத்துக்குள் இன்னும் ஐந்து பேர் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் யாருக்கும் சொல்லாதே என்றார்கள். எல்லாருக்கும் ஒரு மெயில் மட்டும் மெதுவாக வந்தால் போதும். அல்லது, வராத ஒரு மெயில் எங்கோ வந்துகொண்டிருப்பதாக நினைக்க ஓர் இடம் வேண்டும். ஈஸ்வரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கேப்டனிடம் போய், எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள் என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். கேப்டன் பெயிண்டு விஷயத்தைச் சொன்னதும் கூடம் சிரித்தது. அதற்கப்புறம் ஒவ்வொருவராக அவிழ்த்துவிட்டார்கள்.

நாச்சிமுத்து எழுந்து நின்றான். "தொந்தரவு தாங்காம முந்தாநேத்து ஒரு பொண்ணுக்குச் சரின்னு எழுதிப்போட்டேனுங்க. பேசி முடிச்சிருங்கம்மான்னு. ரெண்டு நாளா அம்மா பேச்சே இல்ல. அங்க பந்தக்கால் நட்டுட்டாங்களோ என்னமோ. தயவு பண்ணிப் பழைய ஃபில்டரையே போட்டுருங்க. விரலு போனாப் போகுது, இன்னும் ஒன்பது இருக்குதுங்க."

"எடே, பம்பு வெடிச்சா உன் விரலு மட்டுமா போகும்?" என்றார் கேப்டன். "ஈஸ்வரி, கம்பெனிக்காரங்க மெயிலு எல்லாம் புதுசுல வரட்டும். வீட்டு மெயில மட்டும் பழைய ஃபில்டரு வழியா விட முடியுமா?"

"முடியும் கேப்டன்."

கூடத்தில் நிம்மதியாக ஒரு சலசலப்பு எழுந்தது.

"ஆனா பூமியில இருக்குறவங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டாள் ஈஸ்வரி.

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார் குகதாசன். "பழைய மாதிரித்தானே போகப் போகுது. அது பொய்யில்லை."

"முன்னாடி மெதுவா வந்துச்சு, அது பொய்யில்ல டாக்டர். இப்ப நாமளே மெதுவாக்கிட்டுக் கம்ப்யூட்டர் மேல பழியப் போட்டா அது பொய்தான." அவள் கேப்டன் பக்கம் திரும்பினாள். "எனக்கும் மெதுவா இருந்தாத் தேவலைன்னுதான் இருக்கு. எனக்கு வர வேண்டிய மெயில் ஒண்ணு வரல. வரிசைன்னு ஒண்ணு இருந்தா நானும் நிம்மதியா இருப்பேன். ஆனா எழுதுறவங்க அவங்க. அவங்களக் கேக்காமச் செய்ய மாட்டேன்."

கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தார். நிலையத்தில் இருப்பவர்கள் தங்கள் வீட்டார் என்று பதிந்து வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு மெயில் போகும். நிலையத்தார் விருப்பப்படி வீட்டு மெயில்களை முன்போலத் தாமதமாக விட நினைக்கிறோம், ஆட்சேபனை இருந்தால் எழுதவும் என்று. "ஒருத்தரு வேண்டாம்னு சொன்னாலும் நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

"முடிஞ்சுது போ" என்றான் நாச்சிமுத்து. "எங்கம்மாவே நாப்பது மெயில் போடும்."

மெயில் போயிற்று. மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேப்டன் பதில்களைப் படித்துக் காட்டினார். முதலில் அவர் மனைவியுடையது. ஆட்சேபனை இல்லை, இவரிடம் கலர் கேட்டதே ஒரு மரியாதைக்குத்தான், மூன்று அறைகளுக்கு ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தார். கேப்டன் அதைப் படித்த வேகத்திலேயே அடுத்ததற்குப் போனார். அது நாச்சிமுத்துவின் அம்மா எழுதியது.

"தலைவர் அய்யாவுக்கு வணக்கம். மெயில் மெதுவாக வருவதில் எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை. அப்படி வந்தால் புண்ணியமாகப் போகும். பையன் திடீரென்று ஒரு பெண்ணுக்குச் சரி என்று எழுதிவிட்டான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன வைகாசியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அவன் மாட்டேன் என்றுதான் சொல்லுவான் என்ற தைரியத்தில் பழைய ஜாதகங்களையே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். இங்கே சொந்தக்காரர்கள் வாயை அடைக்க எனக்கு ஏதாவது வேண்டுமே. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், பதில் வர நாளாகிறது என்று சொன்னால் போய்விடுவார்கள். அவனுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். அவனாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன்."

நாச்சிமுத்து கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, "ஒரு மெயில் போட்டுட்டு வந்தர்றேனுங்க" என்று தன் அறைக்குப் போனான்.

பெரும்பாலான பதில்கள் அதே மாதிரிதான் இருந்தன. அங்கே இருந்தவர்களுக்கும் மூச்சுவிட நேரம் தேவைப்பட்டிருக்கிறது. உடனே பதில் வந்துவிடுவதால் உடனே எழுத வேண்டியிருக்கிறது, தினமும் எழுத என்ன இருக்கிறது என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். எல்லாரும் சம்மதம். கேப்டன் கடைசி மெயிலைத் திறந்தார். படிக்கும் முன் ஒரு முறை மருத்துவரைப் பார்த்தார்.

"டொரோண்டோவில் இருந்து வந்திருக்கு" என்றார்.

"எனக்கு ஆட்சேபனை உண்டு. நான் அப்பாவோடு கோபமாக இருக்கிறேன். அதை எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிய இன்னும் இரண்டு நாள் எடுக்கும். நான் அனுப்பின உடனே அவர் வாசிக்க வேண்டும். பத்து நாள் கழித்து அவர் வாசிக்கும்போது என் கோபம் போயிருக்கும், அதற்குப் பிறகு அவர் இருந்து வருத்தப்படுவார். ஒரு வருடமாக நாங்கள் இப்படித்தான் மாறி மாறிக் கதைத்தோம். இனி அப்படி வேண்டாம்."

குகதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கொண்டிருக்கிறாள்" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம். கேப்டன் படித்தது அவருக்கும் கேட்டிருக்கும் என்பது மருத்துவருக்குத் தோன்றவில்லை. அதே வார்த்தையை இன்னொரு முறை சொன்னார்.

பழைய ஃபில்டர் திரும்பி வரவில்லை. கேப்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு நாளில் ஆரணியின் மெயில் வந்தது. அவ்வளவு நீளமான கோபத்தை ஈஸ்வரியின் ஃபில்டர் ஒரே மூச்சில் படித்து, இது குப்பை இல்லை என்று விட்டது. மருத்துவர் அன்று நோயாளிகள் யாரையும் பார்க்கவில்லை. பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் அவள் அடுத்ததை அனுப்பினாள். சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது என்று சாப்பாட்டுக் கூடத்தில் சந்தோஷமாகச் சொன்னார்.

அதற்கு மறுநாள் கேப்டன், ஈஸ்வரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒரு பதிலு பிந்தி வந்துச்சு. எல்லாரு முன்னாடியும் படிக்க வேண்டாம்னு வச்சிருந்தேன். ஒங்க அக்கா எழுதியிருக்காங்க. எனக்கு."

ஈஸ்வரி உட்கார்ந்தாள். கேப்டன் திரையைத் திருப்பவில்லை, தானே படித்தார். "ஆட்சேபனை இல்லை. மெதுவாக வந்தாலும் சரி, வேகமாக வந்தாலும் சரி, நான் அவளுக்கு எழுதப் போவதில்லை. தகவலுக்காகக் கேட்கிறேன், அவள் சாப்பிடுகிறாளா?"

"நான் சாப்பிடுதான்னு எழுதிட்டேன்" என்றார் கேப்டன். "உடனே அடுத்தது வந்துருச்சு. அங்கே குளிருமா, கம்பளி கொடுத்திருக்கிறீர்களா. அதுக்கும் பதிலு போட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கிறாளான்னு கேட்டிருக்காங்க. இதுக்கு நான் என்னம்மா எழுத?"

"வைக்கிறேன்னு எழுதுங்க" என்றாள் ஈஸ்வரி.

அவர் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். அனுப்பினார். அவர் கையை எடுப்பதற்குள் பதில் வந்தது. பொய், அவள் வைக்க மாட்டாள் என்று. அதற்கு அவர் பதில் தட்டினார். மறுபடி ஒரு கேள்வி வந்தது. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. அருப்புக்கோட்டை கேட்டது, ஈஸ்வரி முணுமுணுத்தாள், நடுவில் உட்கார்ந்து கேப்டன் தட்டினார். கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"விரலு வலிக்கி. நான் காப்பி போட்டுட்டு வாறேன். நீயே என் பேருல அடி."

ஈஸ்வரி அவர் இடத்தில் உட்கார்ந்தாள். கேப்டன் எழுதுவது மாதிரியே நிதானமாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். உங்கள் தங்கை நலமாக இருக்கிறார், வேலையில் நல்ல பெயர் என்று தட்டினாள். வேறென்ன கேட்கலாம் என்று யோசித்தாள். 'பட்டாணி எப்படி இருக்கிறது, ராத்திரி குரைப்பதை நிறுத்திவிட்டதா?' என்று சேர்த்தாள். அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. திரும்ப வாங்க வழியில்லை. நான்கே நொடியில் பதில் வந்து நின்றது.

"நாய் பெயர் பட்டாணி என்று கேப்டனுக்கு எப்படித் தெரியும்? நீதானடி."

யோசிக்க நேரமில்லை. ஈஸ்வரி, "ஆமாக்கா" என்று தட்டினாள்.